கணினிக் கையேட்டைத் தாளில் அச்சிடும் முறை

மலைநாட்டுப் பாடசாலை ஒன்றின் கணினி அறையை நேயர்கள் மனக்கண்முன் நிறுத்திப் பார்க்குமாறு வேண்டுகிறேன். பொறிகள் சில, மாணவர் பலர். பருவமழை பிடித்துக்கொண்டால் மின்சாரம் இடையிடையே நின்றுவிடும். இணையத் தொடர்பும் அறுந்துபோகும். இத்தகைய இடத்திற் கற்பவனுக்குத் துணை யாது?

லினக்ஸ் என்னும் இயக்குதளம் உள்ள கணினியாயின், அத்துணை அதனுள்ளேயே இருக்கிறது. கட்டளைகளிற் பெரும்பாலானவற்றுக்குரிய விளக்கக் கையேடு கூடவே வந்து சேர்கிறது. 'மேன்' என்று தட்டெழுதி, ஓர் இடம் விட்டு, கட்டளையின் பெயரைக் கொடுத்தால், பெயர், அமைப்பு, விளக்கம், தெரிவுகள், தொடர்புடைய பிற பக்கங்கள் என்னும் ஒழுங்கில் அது திரையில் விரியும். இதற்கு இணையம் வேண்டியதில்லை. ஆயினும், திரை ஒருவருக்கே, தாளோ பலருக்கு. மின்சாரம் நின்றாலும் தாளைப் படிக்கலாம். மாணவன் அதனை லயத்து வீட்டுக்கும் எடுத்துச் செல்லலாம். ஆகவே, அக்கையேட்டைச் செம்மையாக அச்சிடுவது எவ்வாறு என்பதை இன்று விளக்க விரும்புகிறேன்.

முதன்முறை நாங்கள் பிழையாகவே செய்தோம். திரையிலே தெரிந்த எழுத்துகளை ஒரு கோப்பில் இட்டு அப்படியே அச்சிட்டோம். வரிகள் முறிந்தன. தடித்த எழுத்துகளும் அடிக்கோடுகளும் மறைந்தன. அழகு போயிற்று, அவ்வளவுதானே என்று எண்ணினேன். ஆனால் மறுநாள் ஒரு மாணவி, கோப்பைப் பிரதிசெய்யும் 'சீ பீ' என்னும் கட்டளையைத் தட்டெழுதி, அதன்பின் 'மூலம்', 'சேருமிடம்' எனப் பொருள்படும் ஆங்கிலச் சொற்களையும் தாளில் உள்ளவாறே எழுதினாள். கணினி, அப்பெயரில் கோப்பு இல்லை என்று விடை சொல்லிற்று. குற்றம் அவளுடையதன்று. கையேட்டில் தடித்த எழுத்து, 'உள்ளவாறே எழுதுக' எனப் பொருள்படும். சாய்ந்த எழுத்து, 'இவ்விடத்தில் உன் சொல்லை இடுக' எனப் பொருள்படும். திரையிலே சாய்வெழுத்துக்குப் பதிலாக அடிக்கோடு காணப்படுவதுண்டு. இவ்வேறுபாடு அழிந்த தாள் பாதிப் பொருளை இழந்த தாளாகும்.

உண்மையில் இக்கையேடு தாளுக்கெனவே பிறந்தது. 1970ஆம் ஆண்டை ஒட்டி, அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலத்திலுள்ள பெல் ஆய்வுகூடத்தில் கென் தொம்சன், டெனிஸ் ரிச்சி முதலியோர் யுனிக்ஸ் என்னும் இயக்குதளத்தை உருவாக்கி வந்தனர். ஆவணங்களை ஒழுங்குபடுத்தும் வசதியை ஆக்கித் தருவோம் என்று சொல்லியே அவர்கள் புதிய கணினி ஒன்றைப் பெற்றனர். காப்புரிமைப் பிரிவின் தட்டெழுத்தாளர் அதனை முதலிற் பயன்படுத்தியோருள் அடங்குவர். யுனிக்ஸின் முதற் கையேடு 1971 நவம்பர் 3ஆந் திகதியைத் தாங்கியது. 1973இல் ஜோ ஒசானா என்பவர், ஒளியச்சுக் கோக்கும் பொறிக்கென 'டிரொஃப்' என்னும் மென்பொருளை எழுதினார். அவர் 1977இல் மறைந்தபின், பிரையன் கேர்னிகன் அதனைப் பலவகைப் பொறிகளுக்கும் ஏற்றதாகத் திருத்தினார். 1990இல் ஜேம்ஸ் கிளார்க் அதன்வழியில் 'குரொஃப்' என்னும் கட்டற்ற மென்பொருளை வெளியிட்டார். இன்றைய லினக்ஸ் கணினிகளிற் பெரும்பாலும் கையேட்டை ஒழுங்குபடுத்துவது இதுவே. தடிப்பு எங்கே, சாய்வு எங்கே என்னும் குறிகளோடு எழுதப்பட்ட மூலம் ஒன்றே. அதிலிருந்து திரைக்கு ஒரு வடிவமும் தாளுக்கு வேறொரு வடிவமும் பெறலாம்.

தாளுக்குரிய வடிவத்தைக் கேட்பது எளிது. 'மேன்' என்பதன்பின் ஓர் இடம் விட்டு, சிறுகோடும் 'டீ' என்னும் ஆங்கிலச் சிற்றெழுத்தும் சேர்த்திட்டு, பின்னர் வேண்டிய கட்டளையின் பெயரை எழுதவேண்டும். விளைவது அச்சுப்பொறிக்குரிய போஸ்ட்ஸ்கிரிப்ட் வடிவம். அதனைத் திரையிற் கொட்டவிடாது அடுத்த மென்பொருளிடம் ஒப்படைக்க வேண்டும். நம் தேயிலைத் தொழிற்சாலையில் வாட்டிய கொழுந்து உருட்டும் பொறிக்கும், நொதித்தபின் உலர்த்தும் பொறிக்கும், அங்கிருந்து சல்லடைக்கும் கைமாறிச் செல்வது போன்றதே இது. இக்கைமாற்றத்துக்குரிய குறி செங்குத்தான ஒரு கோடு; அதற்குக் குழாய் என்று பெயர். குழாய்க்குறியின்பின் 'எல் பீ ஆர்' என்று எழுதினால் பக்கம் நேரே அச்சுப்பொறிக்குச் செல்லும். அதற்குப் பதிலாக 'பீ எஸ் 2 பீ டீ எஃப்' என்று எழுதி, ஒரு தனிச் சிறுகோட்டையும் புதுக் கோப்பின் பெயரையும் கொடுத்தால், பீடிஎஃப் கோப்பாகச் சேமிக்கப்படும். அத்தனிக் கோடு, 'குழாய்வழி வருவதை ஏற்றுக்கொள்' என்பதற்கு அடையாளம்.

பீடிஎஃப் ஆக்கிப் பார்த்தபின் அச்சிடுவதே சிக்கனம். சில கையேடுகள் பல பத்துப் பக்கம் நீளும். வேண்டிய பக்கங்களை மட்டும் தெரிந்தெடுத்தல் நன்று. அச்சுக் கட்டளையில் 'நம்பர்-அப்' என்னும் தெரிவுக்கு 2 என மதிப்பளித்தால், ஒரு தாளின் ஒரே பக்கத்தில் இரண்டு பக்கங்கள் அடங்கும். தாளின் அளவையும் கவனிக்க வேண்டும். நாம் வழங்கும் ஏ4 தாள் 210 மில்லிமீற்றர் அகலமும் 297 மில்லிமீற்றர் நீளமும் உடையது. அமெரிக்கரின் லெற்றர் தாளோ 216 மில்லிமீற்றர் அகலமும் 279 மில்லிமீற்றர் நீளமும் உடையது. கணினி லெற்றர் அளவுக்கு அமைக்கப்பட்டிருப்பின் ஓரங்கள் பிசகக்கூடும்.

ஒரு குறையையும் மறைத்தலாகாது. குரொஃப் வழக்கமாகக் கையாளும் போஸ்ட்ஸ்கிரிப்ட் எழுத்துருக்களில் தமிழ் எழுத்துகள் இல்லை. ஆகவே இவ்வழியில் நமக்குக் கிடைப்பது ஆங்கிலப் பக்கமே. எங்கள் மாணவர் அதன் ஓரத்திலுள்ள வெற்றிடத்திலே பேனாவால் தமிழ் விளக்கம் எழுதுகின்றனர். 'சீ பீ' பக்கத்தின் ஓரத்தில், சாய்ந்த எழுத்துக்கு நேரே, 'இங்கே உன் கோப்பின் பெயர்' என்று முதலில் எழுதியவள் அன்று பிழைவிட்ட அதே மாணவிதான். அடுத்த வகுப்பினர் இப்போது அத்தாளைப் பார்த்தே கற்கின்றனர்.