பசித்தாலும் மாட்டை விற்பதில்லை

மழை பொய்த்துவிட்டது. விளைச்சல் இல்லை. குதிரில் தானியம் குறைந்துகொண்டே வருகிறது. கொட்டிலில் இரண்டு மாடுகள் நிற்கின்றன. இந்த நிலையில் ஓர் ஏழைக் குடும்பம் எதை முதலில் விட்டுக்கொடுக்கும்? மாட்டையா, சாப்பாட்டையா?

மாட்டை விற்றாவது பிள்ளைகளுக்குச் சோறு போடுவார்கள் என்றுதான் நம்மில் பெரும்பாலோர் பதில் சொல்வோம். பொருளியல் அறிஞர்கள் பலரும் அப்படித்தான் எண்ணியிருந்தார்கள். ஆடு மாடு ஏழையின் வங்கி. நல்ல காலத்தில் வாங்கிச் சேர்ப்பார்கள், கெட்ட காலத்தில் விற்று உண்பார்கள் என்பது அவர்களுடைய கணக்கு. மேற்கு ஆப்பிரிக்க நாடான புர்கினா ஃபாசோவில் அந்தக் கணக்கு பொய்த்தது. 1980களின் தொடக்கத்தில் அங்குக் கடும் வறட்சி. 1981 முதல் 1985 வரை கிராமக் குடும்பங்களிடம் திரட்டப்பட்ட விவரங்களைப் பின்னாளில் மார்செல் ஃபாஃப்சாம், கிறிஸ்டபர் உட்ரி முதலியோர் ஆராய்ந்து, 1998இல் முடிவை வெளியிட்டார்கள். வறட்சியால் இழந்த வருமானத்தில் கால்நடைகளை விற்று ஈடுகட்டியது அதிகம் போனால் 30 விழுக்காடு. உண்மையில் அது 15 விழுக்காட்டை ஒட்டியே இருந்திருக்கும் என்றார்கள். எஞ்சியதில் ஒரு பகுதியைச் சேர்த்து வைத்திருந்த தானியம் தாங்கியது. மற்றதை வயிறுதான் தாங்கியது.

இதை அறியாமை என்று தள்ளிவிட முடியாது. ஊரே மாட்டை ஓட்டிக்கொண்டு சந்தைக்குப் போனால் வாங்குவதற்கு யார் இருப்பார்கள்? விலை விழும், தானிய விலை ஏறும். ஒரு மாட்டைக் கொடுத்தால் கிடைக்கும் மூட்டைகள் வாரத்துக்கு வாரம் குறையும். அதைவிட முக்கியமான ஒன்று உண்டு. உழவு மாட்டை விற்றவன் அடுத்த மழைக்கு எதைக் கொண்டு உழுவான்? இன்று மாட்டை விற்பது அடுத்த ஆண்டுப் பசியை இன்றே விலைக்கு வாங்குவதாகும். ஆகவே மூன்று வேளை இரண்டாகிறது, இரண்டு ஒன்றாகிறது. மாடு பிழைக்கிறது.

அப்படியானால் அந்த மாட்டுக்கு விலை கொடுத்தது யார்?

ஜிம்பாப்வேயில் இதற்குப் பதில் கிடைத்தது. 1994-95ஆம் ஆண்டு வறட்சிக்குப் பிறகு அந்நாட்டுக் கிராமப்புறக் குழந்தைகளின் உயரத்தை ஜான் ஹாடினாட், பில் கின்ஸி இருவரும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். வறட்சியின்போது 12 மாதத்துக்கும் 24 மாதத்துக்கும் இடையில் இருந்த குழந்தைகள் வளர வேண்டிய அளவைவிட ஒன்றரை முதல் இரண்டு சென்டிமீட்டர் குறைவாக வளர்ந்திருந்தார்கள். அவர்களைவிட மூத்த பிள்ளைகளிடம் அந்தக் குறை தென்படவில்லை. பெண்களின் எடையும் குறைந்திருந்தது. ஆனால் அடுத்த நல்ல மழையோடு அது மீண்டுவிட்டது. குழந்தையின் உயரம் அவ்வளவு எளிதில் மீளவில்லை, குறிப்பாக ஏழை வீடுகளில். தாய்ப்பாலை விட்டுச் சோற்றுக்கு மாறும் வயதில் சோறு இல்லாமற்போனால் வரும் இழப்பு இது. இரண்டு சென்டிமீட்டர்தானே என்று நினைக்கலாம். எலும்பு வளராத காலத்தில் உடலில் வேறு எதுவும் ஒழுங்காக வளர்ந்திருக்காது என்பதே இங்குக் கவனிக்க வேண்டியது.

உணவுப் பாதுகாப்பின்மை என்று அறிக்கைகள் சொல்வது இத்தகைய நிலையைத்தான். பட்டினியால் சாவது மட்டும் அதன் பொருள் அன்று. அடுத்த வேளை நிச்சயம் இல்லாததால் அளவைக் குறைப்பது, மலிவானதை மட்டும் உண்பது, ஒரு வேளையை விடுவது எல்லாம் அதில் அடங்கும். ஐக்கிய நாட்டு அமைப்புகளின் கணக்குப்படி, 2024இல் மிதமாகவோ கடுமையாகவோ இந்த நிலையில் இருந்தவர்கள் ஏறக்குறைய 230 கோடிப் பேர்.

இவர்களுள் பலர் ஆண்டு முழுவதும் பட்டினி கிடப்பவர்கள் அல்லர். வானத்தை நம்பிப் பயிரிடும் நாடுகளில் பசிக்குப் பருவம் உண்டு. அறுவடைக்குப் பிந்திய மாதங்களில் வயிறார உண்ணும் குடும்பம், அடுத்த அறுவடைக்கு முந்திய இரண்டு மூன்று மாதங்களில் கஞ்சிக்கு அலைகிறது. கென்யாவின் மேற்குப் பகுதியை எடுத்துக்கொள்வோம். அறுவடையின்போது சோளம் மலிவு. பஞ்ச மாதங்களில் அதே சோளத்தின் விலை வழக்கமாக 25 முதல் 40 விழுக்காடு ஏறிவிடும். ஆயினும் விவசாயி மலிவாக இருக்கும்போது விற்கிறார், ஏறிய பிறகு தம் வீட்டுக்கே விலை கொடுத்து வாங்குகிறார். ஏன் இப்படி? அவர்கள் சொன்ன காரணங்களுள் முதன்மையானது பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம். ஜனவரியில் கட்டியாக வேண்டும். கையில் இருப்பதோ சோளம் மட்டுமே.

2012 முதல் இரண்டு பருவங்களுக்கு ஒன் ஏக்கர் ஃபண்ட் என்ற அமைப்பின் வழியாக அறுவடை நேரத்தில் இவர்களுக்குச் சிறு கடன் கொடுத்துப் பார்த்தார்கள். கட்டணத்தைக் கடனில் கட்டிவிட்டுச் சோளத்தை வைத்திருந்தவர்கள், விலை ஏறிய பிறகு விற்று மிச்சம் கண்டார்கள். அவர்களுக்கு இல்லாதிருந்தது உழைப்பும் அல்ல, சிக்கனமும் அல்ல. உரிய மாதத்தில் கையில் கொஞ்சம் காசுதான் இல்லாதிருந்தது.

கடன் வாங்காமல் அந்தக் காசைச் சேர்க்கும் வழியும் உண்டு. 1991இல் நைஜர் நாட்டின் மராடி வட்டாரத்தில் கேர் நிறுவனம் பெண்களைக் கொண்டு தொடங்கிய சேமிப்புக் குழு இன்று ஆப்பிரிக்காவில் பல நாடுகளில் வழக்கமாகிவிட்டது. நம்மவர்கள் பிடிக்கும் சீட்டுக்கு அது தூரத்து உறவு. வாரந்தோறும் சிறு தொகை போடுவார்கள். உறுப்பினருக்கே வட்டிக்குக் கொடுப்பார்கள். ஆண்டு முடிவில் எல்லாவற்றையும் பங்கிட்டுக்கொள்வார்கள். பல குழுக்களில் பணப்பெட்டிக்கு மூன்று பூட்டு, மூன்று சாவி. சாவிகள் மூன்று பேரிடம் இருக்கும்.

மாலி நாட்டில் 500 கிராமங்களைத் தேர்ந்தெடுத்து, சிலவற்றில் மட்டும் இத்தகைய குழுக்களை அமைத்து, மூன்றாண்டுகள் கழித்து ஒப்பிட்டார்கள். குழு இருந்த கிராமங்களில் உணவுத் தட்டுப்பாடு குறைந்திருந்தது; கால்நடைச் செல்வம் கூடியிருந்தது. சோறும் மாடும் ஒன்றையொன்று தின்னாமல் சேர்ந்தே வளர்ந்தன! ஆனால் பிள்ளைகளின் பள்ளிப் படிப்பில் மாற்றம் காணப்படவில்லை. தொழிலிலும் பெரிய முன்னேற்றம் இல்லை. பஞ்ச மாதத்தைக் கடக்கப் பயன்படும் பணம் இளையரின் எதிர்காலம்வரை நீளவில்லை.

அதனால்தான் பிள்ளைகளின் பெயரிலேயே கணக்குத் திறக்கும் முயற்சிகள் வந்தன. 2010 முதல் கானா, கென்யா, கொலம்பியா, நேப்பாளம் ஆகிய நான்கு நாடுகளில் யூத்சேவ் எனும் திட்டம் நடந்தது. வங்கிகளின் துணையோடு இலட்சத்துக்கும் மேற்பட்ட இளையர் கணக்குத் திறந்தார்கள். ஆனால் சேர்ந்த தொகை சிறிது. அதில் வியப்பில்லை. வீட்டில் குதிர் காலியாக இருக்கும்போது பிள்ளையின் உண்டியல்தான் அடுத்த குதிர். சிக்கனத்தைப் பற்றிப் பள்ளிகளில் எவ்வளவு பேசினாலும் இதை மாற்ற முடியாது என்பது என் கருத்து.

உகாண்டாவில் வேறு விதமாகச் செய்தார்கள். எய்ட்ஸ் நோயால் பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்காக, அந்நாட்டில் பிறந்த பேராசிரியர் ஃபிரெட் செவமாலா நடத்திய திட்டங்களுக்குச் 'சூபி' என்று பெயர். லுகாண்டா மொழியில் அதற்கு நம்பிக்கை என்று பொருள். அவற்றின் தொடர்ச்சியாக 48 தொடக்கப் பள்ளிகளில் 1,410 பிள்ளைகளைக் கொண்டு ஒரு பெரிய ஆய்வு நடந்தது. கணக்கு பிள்ளையின் பெயரிலும் பாதுகாவலரின் பெயரிலும் இருக்கும். சில பள்ளிகளில் பிள்ளை போடும் ஒவ்வொரு ஷில்லிங்குக்கும் திட்டம் ஒரு ஷில்லிங் போட்டது; வேறு சிலவற்றில் இரண்டு போட்டது. மற்றப் பள்ளிகளில் கணக்கே இல்லை. கணக்கு இருந்த பிள்ளைகள் உடல்நலத்திலும் மனநலத்திலும் முன்னேறியிருந்தார்கள். தொடக்கப் பள்ளி இறுதித் தேர்விலும் மேலாகச் செய்தார்கள்.

திட்டம் போட்ட பணம் தனியே வைக்கப்பட்டது. பள்ளிக் கட்டணம் என்றால் அது நேரே பள்ளிக்கே போகும். சிறு தொழில் என்றால் பொருள் விற்பவருக்கே போகும். பஞ்ச மாதத்தில் வீட்டிலிருந்து யார் கேட்டாலும் அந்தப் பணத்தை எடுத்துத் தர வழியில்லை. பிள்ளை இல்லை என்று சொல்ல வேண்டியதும் இல்லை. வீட்டுக்காக விற்பதற்குச் சோளமோ ஆடோ ஏதாவது இருந்தால்தான் அந்தப் பிள்ளை அடுத்த மாதமும் தன் ஷில்லிங்கைக் கணக்கில் போட முடியும்.