எந்த மரத்தின் புகை?

பெல்லட் கிரில் வாங்கியவர்கள் என்னிடம் முதலில் கேட்பது: "எந்த மரம் வாங்கட்டும்?" ஹூஸ்டனில் இருந்துகொண்டு மாட்டு நெஞ்சுக்கறிக்கு ஓக் தவிர வேறெதையும் சொன்னால் அடிக்க வருவார்கள். 225 டிகிரி ஃபாரன்ஹீட்டில் பொழுதெல்லாம் வேகும் கறிக்கு உறுத்தாத புகைதான் சரி. ஹிக்கரி கொஞ்சம் காட்டமானது. பன்றித் தோள்கறிக்கு வைத்துக்கொள்ளுங்கள். கோழிக்கு ஆப்பிள், செர்ரி. சால்மனுக்கு, பசிபிக் வடமேற்குக்காரர்கள் வழக்கப்படி, ஆல்டர். மெஸ்கீட் நம்மூர் சீமைக் கருவேலத்தின் பங்காளி. முரட்டுப் புகை, சட்டென வேகும் ஸ்டேக்குக்கு மட்டும்.

பெல்லட் பையின் முன்பக்கத்தை நம்பாதீர்கள். 'ஆப்பிள்' என்று கொட்டை எழுத்தில் இருக்கும். உள்ளே பெரும்பகுதி ஓக்கோ ஆல்டரோ இருக்கலாம். மோசடி என்று சொல்லமாட்டேன், ஓக் சீராக எரியும். ஆனாலும் ஆப்பிள் விலை கொடுக்குமுன் பின்பக்கத்தைப் படியுங்கள். வீட்டுக் கணப்புக்கு விற்கும் பெல்லட் வேண்டவே வேண்டாம். அதில் பைன் போன்ற பிசின் மரம் கலந்திருக்கும் வாய்ப்புண்டு.

பெல்லட் என்பது அழுத்திய மரத்தூள்தான். அதை இறுக்கிப் பிடித்திருப்பது பெரும்பாலும் மரத்திலேயே உள்ள லிக்னின். ஈரம் பட்டால் உப்பி உதிர்ந்து, கிரில்லுக்குள் தள்ளும் திருகுதண்டை அடைத்துவிடும். இந்த ஊர்ப் புழுக்கத்துக்கு இறுக மூடிய வாளிதான் லாயக்கு.