வால் விசிறி இல்லாத ஹெலிகாப்டர்!

ஒரகடம் பக்கம் பஸ்ஸில் போயிருக்கீங்களா? வழியெல்லாம் கார், லாரி, பைக் கம்பெனிகள். வல்லம் வடகாலில் விமான பாகங்களுக்கென்றே ஒரு ஏரோஸ்பேஸ் பார்க். ஜன்னலோர சீட் கிடைத்தால் எனக்கு ஒரே கனவுதான்: நம்ம ஊர்ல ஹெலிகாப்டரே செஞ்சா எப்படி இருக்கும்?

அதற்கு முன்னால் ஒரு குட்டி பிசிக்ஸ். மேலே ரோட்டர் ஒரு பக்கம் சுற்றினால், கீழே உடம்பு எதிர்ப்பக்கம் சுற்றப் பார்க்கும். நியூட்டனின் மூன்றாம் விதி! அதைத் தடுக்கத்தான் வாலில் ஒரு சின்ன விசிறி. ஆனால் அது இன்ஜின் சக்தியில் ஒரு பங்கைச் சாப்பிட்டுவிடும். தூக்குற வேலைக்கு உதவாது.

ரஷ்ய இன்ஜினீயர் நிகோலாய் காமோவ் யோசித்தது வேற ரூட். ஒரே அச்சில், ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு ரோட்டர்கள். எதிரெதிர் திசையில் சுற்றும். ஒன்றின் முறுக்கை இன்னொன்று சமன் செய்துவிடும். வால் விசிறியே வேண்டாம்! திரும்பணுமா? ஒரு ரோட்டரின் இறக்கைக் கோணத்தைக் கூட்டி, மற்றதில் குறைத்தால் போதும்.

1947-ல் ஒருவர் மட்டும் உட்காரும் காமோவ்-8 பறந்தது. 1965-ல் வந்த காமோவ்-26 செம கில்லாடி. பின்பக்க கேபினைக் கழற்றிவிட்டு மருந்து தெளிக்கும் தொட்டி மாட்டலாம், சரக்கும் ஏற்றலாம். நீள வால் தேவையில்லாததால் கப்பல் தளத்துக்கும் இந்த டிசைன் பொருந்தியது. நம்ம கடற்படையும் காமோவ்களை வாங்கியது. ஒரே குறை, ரோட்டர் தலையும் கியர்பாக்ஸும் ரொம்பச் சிக்கல்.

அந்தக் குடும்பத்தின் வாரிசு காமோவ்-226டி. பழைய சேட்டக், சீட்டா ஹெலிகாப்டர்களுக்குப் பதிலாக 200 காமோவ்கள் பெற 2015 டிசம்பரில் இந்தியாவும் ரஷ்யாவும் ஒப்பந்தம் போட்டன. 60 நேராக வரும், 140 இங்கேயே தயாராகும் என்பது பிளான். ஆனால் விலையிலும், 'எத்தனை சதவீதம் இந்தியாவில் செய்வது?' என்ற கேள்வியிலும் பேச்சு இழுத்துக்கொண்டே போய் முடங்கியது.

இதற்கிடையே ஹெச்.ஏ.எல். தானே வடிவமைத்த லைட் யுடிலிட்டி ஹெலிகாப்டர் 2016 செப்டம்பரில் முதன்முதலாகப் பறந்தது. 2023 பிப்ரவரியில் திறந்த தும்கூர் ஆலை இதற்காகத்தான். ஒற்றை ரோட்டர், வாலில் விசிறி... பழைய ஸ்டைல்தான். இன்ஜின்கூட பிரெஞ்சு கம்பெனியோடு சேர்ந்து உருவாக்கியது. ஆனா டிராயிங் நம்மகிட்ட இருக்கு பாஸ்!

வந்த பாகங்களை மாட்டுறதுக்கும், அந்தப் பாகம் ஏன் அப்படி இருக்குன்னு தெரிஞ்சு செய்றதுக்கும் உள்ள தூரம்தான் இந்தக் கதை. இனி கியர் பாடத்தை 'ரெண்டு மார்க் கேள்வி'ன்னு தள்ளிட்டுப் போகாம, கொஞ்சம் நின்னு படிப்போமா?