கடலில் ஓடிய படகு மலைநாட்டுக்கு வரும்போது

கடலோரத்தில் பல ஆண்டுகள் ஓடிய படகொன்றை வாங்கி, கண்டிக்குக் கிழக்கே மகாவலி கங்கையை மறித்து 1985 ஆம் ஆண்டு திறக்கப்பட்ட விக்டோரியா நீர்த்தேக்கத்தில் இறக்க நினைப்பவர், முதலில் இயந்திரத்தின் மூடியைத் திறந்து பார்ப்பதே வழக்கம். அது வெளியிணைப்பு இயந்திரமாயின் அந்த வழக்கத்தால் பெரிய கேடில்லை; படகு ஸ்டேர்ன்டிரைவ் வகையைச் சேர்ந்ததாயின், பார்வை முதலில் செல்லவேண்டிய இடம் படகின் பின்பலகையாகும்.

ஸ்டேர்ன்டிரைவ் என்பது, இயந்திரத்தைப் படகின் உள்ளே பின்பலகையை ஒட்டி அமர்த்தி, அதன் சுழற்சியைப் பலகையிலுள்ள பெரிய துவாரத்தின் வழியாக வெளியே தொங்கும் உலோகக் காலுக்குக் கொடுத்து, அக்காலினுள் இருக்கும் பற்சக்கரங்கள் மூலம் கீழே உந்துவிசிறியைச் சுழலச் செய்யும் அமைப்பாகும். 1959 இல் வொல்வோ பென்டா நிறுவனம் அக்குவாமேட்டிக் என்ற பெயரில் இதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. திசை திருப்பக் கால் பக்கவாட்டிலும், ஆழம் குறைந்த நீரில் மேல்நோக்கியும் அசைய வேண்டியிருப்பதால், அதைப் படகோடு இணைக்கும் தண்டை நீர் புகாமல் மூடிவைக்கும் உறையும் வளைந்து கொடுக்க வேண்டும். ஹார்மோனியத் துருத்திபோல் மடிப்புகள் கொண்ட அந்த இறப்பர் உறையை மெக்கானிக்குகள் பெலோஸ் என்பர்.

பழைய படகின் தலைவிதி பெரும்பாலும் இந்த உறையிலேயே இருக்கிறது. வெடிப்பு மடிப்பின் மேட்டில் அல்லாது பள்ளத்தில் தொடங்குவதால், வெளியிலிருந்து பார்ப்பவருக்கு உறை நல்லதாகவே தோன்றும். காலை ஒரு பக்கம் முழுதாகத் திருப்பி, மடிப்புகளை விரலால் விரித்து, டோர்ச் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாக நோக்கினால்தான் உண்மை தெரியும். உறை கிழிந்தால் உள்ளிருக்கும் தண்டின் மூட்டுகளும் அதைத் தாங்கும் பெயாரிங்கும் துருப்பிடிக்கும். படகைத் திருப்பும்போது பின்புறத்தில் உறுமல் கேட்பது அதன் அறிகுறியாகும். அதையும் கவனியாது விட்டால் நீர் படகுக்குள்ளேயே வந்து சேரும். காலை உயர்த்திய நிலையிலேயே மாதக்கணக்கில் நிறுத்திவைப்பது இறப்பரை இழுபட்ட நிலையில் இறுகச் செய்வதால், பயன்படுத்தாத நாட்களில் அதைத் தாழ்த்தி வைப்பதே முறை.

அடுத்துப் பார்க்கவேண்டியது கியர் எண்ணெய். காலின் அடியிலுள்ள திருகை மெல்லத் தளர்த்தும்போது முதலில் நீர்த்துளிகள் வந்தாலோ, எண்ணெய் வெளுத்துப் பால்நிறமாக இருந்தாலோ, சீல் எனப்படும் அடைப்பு வளையங்களில் ஒன்று பழுதடைந்திருக்கிறது; காந்தத் திருகில் ஒட்டியிருப்பது மாவு போன்ற தூளாயின் அது இயல்பான தேய்மானம், கூரிய சிராய்களாயின் பற்சக்கரமே உடைகிறது. புதிய எண்ணெயை மேல்துவாரத்தில் ஊற்றினால் காற்று உள்ளே சிக்கிக்கொள்ளும் என்பதால், அதைக் கீழ்த்துவாரத்தின் வழியாகப் பம்பினால் ஏற்றி, மேலே குமிழியின்றி வழிந்த பின், மேல்திருகை முதலிலும் கீழ்த்திருகை அடுத்தும் பூட்டுவர்.

உப்புநீரிலிருந்து நன்னீருக்கு மாறும் படகுக்கு அனோட் விடயத்தில் ஒரு மாற்றம் தேவைப்படுகிறது. வெவ்வேறு உலோகங்கள் ஒரே நீரில் தொடர்புற்று நிற்கும்போது எளிதில் வினைபுரியும் உலோகம் அரிக்கப்படுவதால், அலுமினியக் காலைக் காக்கும் பொருட்டு, தானே கரைந்து அழியும் உலோகக் கட்டியொன்றை அதில் பொருத்துவர், இதுவே அனோட். கடலுக்கு ஏற்ற நாகக் கட்டி நன்னீரில் மேற்படலம் படிந்து செயலற்றுப் போவதால், இங்கே மக்னீசியக் கட்டியே பொருந்தும். அந்த மக்னீசியத்தோடு படகை மீண்டும் கடலில் இறக்கினால் அது வெகுவிரைவில் கரைந்துவிடும்.

உயரமும் கணக்கில் சேரும். முழுக் கொள்ளளவில் விக்டோரியாவின் நீர்மட்டம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 438 மீற்றர் உயரத்தில் இருப்பதால், காற்றின் அடர்த்தி குறைந்து, டர்போ இல்லாத பெற்றோல் இயந்திரம் ஏறத்தாழ 4 சதவீத வலுவை இழக்கிறது. முழு வேகத்திலும் இயந்திரம் உரிய சுழற்சியை எட்டாமல் திணறினால், பிட்ச் எனப்படும் சாய்வளவு சற்றுக் குறைந்த உந்துவிசிறியைப் பொருத்தவேண்டும். ஓர் அங்குலக் குறைப்பு நிமிடத்துக்கு 150 முதல் 200 வரையான சுழற்சியைக் கூட்டும்.

இந்த நீர்த்தேக்கத்துக்கே உரிய இடர் வேறொன்றும் உண்டு. பழைய தெல்தெனிய நகரம் இதன் அடியில் மூழ்கியிருக்கிறது. வறட்சியில் மட்டம் இறங்கும்போது அதன் கட்டடச் சிதைவுகள் வெளித்தோன்றுவதுண்டு. அவை முற்றாக வெளியே தெரியும் காலத்தைவிட, மேற்பரப்புக்குச் சற்றே கீழே மறைந்திருக்கும் காலமே காலுக்கு ஆபத்தானது. கரையோரச் சேறு கலந்த நீரை உறிஞ்சும்போது, குளிரூட்டும் பம்பின் இறப்பர் இம்பெல்லரும் விரைவில் தேய்கிறது.

மோதலில் பற்சக்கரங்கள் சிதைந்த கால் பழுதுபார்க்கும் செலவுக்குத் தகாது என்று மெக்கானிக் சொன்னால், அதை நம்பலாம். ஆயினும் மாற்றாக வேறொரு பழைய காலை வாங்குமுன், அதன் தகட்டிலுள்ள தொடர் இலக்கத்தையும் கியர் விகிதத்தையும் சிதைந்த காலோடு ஒப்பிடவேண்டும். வெளித்தோற்றத்தில் வேறுபாடே தெரியாத இரண்டு கால்கள் வெவ்வேறு விகிதம் கொண்டவையாக இருக்கக்கூடும், அப்படியாயின் முன்னைய உந்துவிசிறியும் பயன்படாது.