‘எனக்கு கொஞ்சம் ஓசிடி’ என்கிறீர்களா? நாம் சொல்வதும் டாக்டர் சொல்வதும் ஒன்றா?

டேபிளில் பேனா கோணலாக இருந்தால் ‘எனக்கு ஓசிடி’. திங்கள்கிழமை காலை என்றால் ‘செம டிப்ரஷன்’. காலையில் சிரித்த மேனேஜர் மாலையில் கத்தினால் ‘அவர் பைபோலார்’. உளவியல் வார்த்தைகள் ஆபீஸ் பேச்சிலும் ரீல்ஸிலும் சர்வ சாதாரணம். ஜாலிக்குத்தானே, அதில் என்ன என்கிறீர்களா? சிக்கல் இருக்கிறது.

ஓசிடியையே எடுத்துக்கொள்வோம். இதில் இரண்டு பகுதி. ஒன்று, வேண்டாம் என்றாலும் திரும்பத் திரும்ப வந்து நிற்கும் எண்ணம்: ‘கேஸை மூடினோமா?’, ‘கையில் கிருமி இருக்குமோ?’. இன்னொன்று, அந்தப் பதற்றத்தைத் தணிக்கச் செய்யும் செயல்: அடுப்பைப் பத்து தடவை போய்ப் பார்ப்பது, தோல் உரியும்வரை கை கழுவுவது. செய்ததும் கொஞ்ச நேரம் நிம்மதி. அந்த நிம்மதிதான் வில்லன். ‘பார்த்ததால்தான் தப்பித்தோம்’ என்று மனம் கற்றுக்கொள்கிறது. அடுத்த முறையும் போய்ப் பார்க்கச் சொல்கிறது. இது அர்த்தமில்லாதது என்று பலருக்கும் தெரியும். நிறுத்தத்தான் முடியாது.

அமெரிக்க மனநல மருத்துவர்கள் சங்கத்தின் டிஎஸ்எம்-5 கையேட்டின்படி, இது நாளில் 1 மணி நேரத்துக்கு மேல் விழுங்க வேண்டும், அல்லது வேலையை, வாழ்க்கையைக் கணிசமாகப் பாதிக்க வேண்டும். சுத்தத்துக்குச் சம்பந்தமே இல்லாமலும் வரும். ‘என் குழந்தையை நானே காயப்படுத்திவிடுவேனோ’ என்ற எண்ணம் வந்து நடுங்கும் தாய்மார்கள் உண்டு. அப்படி ஒருவரிடம் போய் ‘எல்லாருக்கும் கொஞ்சம் ஓசிடி இருக்குப்பா’ என்றால், அவர் எப்படி வாய் திறப்பார்? இத்தனைக்கும் சிகிச்சை இருக்கிறது. பயத்தை எதிர்கொண்டபடியே அந்தச் செயலைச் செய்யாமலிருக்கப் பழக்கும் பயிற்சி, தேவைப்பட்டால் மருந்து.

டிப்ரஷன் என்பது ஒரு நாள் மூட் அவுட் அல்ல. சோர்வு, எதிலும் ஆர்வமின்மை, தூக்கக் கோளாறு போன்றவை குறைந்தது 2 வாரம் தொடர வேண்டும். பைபோலாரும் காலை மாலை மாறும் கோபம் இல்லை. பொதுவாக ஒரு வாரமோ அதற்கு மேலோ தூக்கமே தேவைப்படாத அதீத உற்சாகம், கண்மண் தெரியாத செலவு, பிறகு ஆழ்ந்த சோர்வு என்று போகும்.

‘கேஸ்லைட்டிங்’ கதை வேறு. இது நோயின் பெயரே அல்ல, 1938-ல் பேட்ரிக் ஹாமில்டன் எழுதிய ‘கேஸ் லைட்’ நாடகத்திலிருந்து வந்தது. கணவன் மாடியில் ரகசியமாக விளக்கேற்றும்போதெல்லாம் கீழே விளக்கு மங்கும். அதைக் கவனிக்கும் மனைவியை, புத்தி பேதலித்துவிட்டதாக நம்பவைக்கப் பார்க்கிறான் அவன். 2022-ல் மெரியம்-வெப்ஸ்டர் அகராதி இதை ஆண்டின் சொல்லாக அறிவித்தது. நண்பர் பொய் சொல்வதோ, நீங்கள் சொன்னதை மறுப்பதோ மட்டும் கேஸ்லைட்டிங் ஆகாது. உங்கள் நினைவையும் அறிவையும் நீங்களே சந்தேகிக்கும்படி தொடர்ந்து செய்வதுதான் அது.

‘பர்ன்அவுட்’? உலக சுகாதார அமைப்பு அதை நோயாக அல்லாமல், பணியிடம் சார்ந்த நிலை என்றே வகைப்படுத்தியிருக்கிறது. (லீவு லெட்டரில் எழுதினால் எடுபடுமா என்பது உங்கள் ஹெச்ஆரைப் பொறுத்தது!)

மேலே சொன்னதில் ஏதோ ஒன்று உங்களுக்கு அப்படியே பொருந்துகிறதா? ரீல்ஸ் பார்த்து முடிவுக்கு வர வேண்டாம். மத்திய அரசின் டெலி மானஸ் எண் 14416. இலவசம், 24 மணி நேரமும் இயங்குகிறது, தமிழிலேயே பேசலாம்.