நெத்திலிக் கூறும் ரேஷன் அரிசியும்

ஞாயிற்றுக்கிழமை விடியலில் காசிமேட்டில் கூட்டம் மொய்ப்பதெல்லாம் வஞ்சிரத்தையும் வவ்வாலையும் சுற்றித்தான். அண்ணா நகரிலிருந்து காரில் வந்தவர்கள் ஏலக் கூச்சலுக்கு நடுவே செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். ராயபுரத்துக்காரர்கள் அந்தப் பக்கம் அதிகம் நிற்பதில்லை. ஓரமாகத் தார்ப்பாய் விரித்து நெத்திலி, மத்தி, காரப்பொடி என்று கூறு கட்டி வைத்திருப்பவர்களிடம் போய்விடுவார்கள்.

அப்படி ஒரு கூறு நெத்திலி வாங்கிவிட்டு, தலையைக் கிள்ளும்போதே நடுமுள்ளையும் உருவித் தர முடியுமா என்று கேட்டேன். மீன்கார அம்மா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "முள்ள உருவிட்டா அப்பால இன்னாத்தப்பா துன்னுவ?" என்றார்.

அவர் சொன்னது முழு அறிவியல். மீனின் சுண்ணாம்புச் சத்து சதையில் இல்லை, முள்ளில் இருக்கிறது. வஞ்சிரத் துண்டைச் சாப்பிடுகிறவர் முள்ளைத் தட்டோரம் ஒதுக்குகிறார்; கால்சியம் பூனைக்குப் போகிறது. பொரித்த நெத்திலியை யாரும் ஒதுக்குவதில்லை, மொறுமொறுவென்று முழுசாக உள்ளே போகிறது. பாலில் 100 மில்லிக்குச் சுமார் 120 மில்லிகிராம் கால்சியம். முள்ளோடு தின்னும் சிறுமீன் எடைக்கு எடை அதைத் தாண்டிவிடும்.

புரதக் கணக்கையும் போட்டுப் பார்க்கலாம். மீன் விலை காற்றுக்கும் கடலுக்கும் தக்கபடி மாறும். கணக்குக்காக நெத்திலி கிலோ 200 ரூபாய், வஞ்சிரம் 1,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இரண்டிலும் சதையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு புரதம். கழிவைத் தள்ளாமல் கணக்கிட்டால் நெத்திலியில் ஒரு கிராம் புரதம் ஒரு ரூபாய், வஞ்சிரத்தில் 5 ரூபாய். ஆறேழு ரூபாய் முட்டையில் 6 கிராம் இருக்கிறது, ஆக முட்டையும் நெத்திலியும் ஒரே நிறை. இவற்றையெல்லாம் அடித்துப் போடுவது ரேஷன் துவரம் பருப்பு. கிலோ 30 ரூபாய், அதில் சுமார் 220 கிராம் புரதம். கிராம் ஒன்றுக்கு 14 காசுகூட ஆகவில்லை. சிக்கல் என்னவென்றால் கார்டுக்கு மாதம் ஒரு கிலோதான். நாலு பேர் வீட்டில் தலைக்கு நாளொன்றுக்கு 2 கிராம் புரதம்கூட வராது. 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளைக்கு 50 கிராம் தேவை. மிச்சத்துக்குக் கூறு மீன்தான் கை கொடுக்கிறது.

சிறுமீனுக்கு இன்னொரு ஆதாயமும் உண்டு. பாதரசம் உணவுச் சங்கிலியில் மேலே போகப் போகச் சேரும். பல வருடம் வாழ்ந்து மற்ற மீன்களைத் தின்று பெருத்த சுறாவில் அதிகம், மிதவை உயிரிகளைத் தின்று குறைந்த நாளே வாழும் நெத்திலியிலும் மத்தியிலும் குறைவு. இதயத்துக்கு நல்லது என்று மாத்திரையாக விற்கிறார்களே ஒமேகா-3 கொழுப்பு, அது மத்தியில் தாராளம். மலிவு என்பதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் வாங்கவும் கூடாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர் கழிமுகம் கறுத்துப் போனதை மறந்திருக்க மாட்டீர்கள். மட்டியும் சிப்பியும் தண்ணீரை வடிகட்டித் தின்கிற பிராணிகள். தண்ணீரில் உள்ள அழுக்கு அவற்றின் உடம்பில் தங்கும். எந்தத் தண்ணீரில் எடுத்தது என்று கேட்டு வாங்குவது நல்லது.

இனி சோறு. கல்மண்டபத்தில் என் பெரியம்மா ரேஷன் அரிசியை முறத்தில் போட்டுப் புடைக்கும்போது, கொஞ்சம் வேறு நிறத்தில் இருக்கும் மணிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எறிவார். "அரிசியிலயும் பிளாஸ்டிக்க கலக்க ஆரம்பிச்சிட்டானுங்க." அவர் எறிந்ததுதான் அந்த அரிசியிலேயே சத்து அதிகமுள்ள மணி. அரிசி மாவோடு இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்துப் பிசைந்து, இயந்திரத்தில் அரிசி வடிவத்துக்குப் பிழிந்து எடுத்தது. சாதாரண அரிசி நூறுக்கு ஒன்று என்ற கணக்கில் கலந்தது. மாவில் செய்ததால் பார்வைக்குச் சற்று மாறும், சில மணி ஊறும்போது மிதக்கும். அதை எடுத்துப் போட்டுவிட்டு இரும்புச் சத்து டானிக்குக்குக் காசு கொடுக்கும் வீடுகள் எத்தனையோ.

ஆனால் சோறு இலவசம் என்பதாலேயே ஒரு தொந்தரவு இருக்கிறது. கையில் காசு குறைந்தால் நாம் முதலில் வெட்டுவது தொட்டுக்கையை. குவியல் சோறு, ஓரத்தில் துளி ஊறுகாய். இந்தச் சாப்பாட்டின் கதியை நூறு வருடத்துக்கு முன்பே குன்னூரில் எலிகள் காட்டிவிட்டன. அங்கே 1918இல் பெரிபெரி நோயை ஆராயத் தொடங்கிய சிறிய ஆய்வுப் பிரிவுதான் இன்று ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். அதை நடத்திய ராபர்ட் மெக்காரிசன் இந்தியாவின் பல பகுதிச் சாப்பாடுகளை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். கோதுமை ரொட்டி, பால், பருப்பு, காய்கறி தின்ற பஞ்சாப் எலிகள் கொழுகொழுவென்று வளர்ந்தன. சென்னை மாகாணத்து அரிசிச் சாப்பாட்டு எலிகள் கடைசி வரிசையில் சோர்ந்து கிடந்தன. படித்தபோது எனக்குக் கொஞ்சம் ரோஷம் வந்தது என்பதை மறைப்பானேன். குற்றம் அரிசிமேல் மட்டும் இல்லை, கூட எதுவும் இல்லாததுதான். அதே நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டியும், நாளின் மொத்த ஆற்றலில் தானியத்தின் பங்கு 45 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம் என்கிறது. ஆக மிச்சம் பிடிப்பதாக இருந்தால் சோற்றில் பிடிக்க வேண்டும். தொட்டுக்கையில் பிடித்தால் அந்தக் காசு பின்னால் சர்க்கரை மாத்திரைக்குப் போய்ச் சேரும்.

மிஞ்சிய சோற்றுக்குத்தான் தண்ணீர் ஊற்றி வைக்கும் வழக்கம் இருக்கிறதே. ஆறிய சோற்றில் மாவுச்சத்தின் ஒரு பகுதி இறுகி, சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடல்வரை போய் அங்குள்ள நல்ல பாக்டீரியாவுக்கு உணவாகிறது. ராத்திரி முழுக்க லாக்டிக் அமில பாக்டீரியா வேலை செய்து புளிப்பேற்றுகிறது. நமக்குப் பக்கத்திலேயே பழைய ஜெயில் ரோட்டில், ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில், குடல் அழற்சி நோயாளிகளுக்குப் பழைய சோறு பயன்படுமா என்று ஆராய மாநில அரசு 2.7 கோடி ரூபாய் ஒதுக்கியது. மண் சட்டியில் கிடந்ததற்கு ஆஸ்பத்திரியில் மரியாதை!

அதற்காக வாட்ஸ்அப்பில் வருவதையெல்லாம் நம்ப வேண்டாம். 100 கிராம் சோற்றில் 3.4 மில்லிகிராமாக இருந்த இரும்பு, 12 மணி நேரம் ஊறியதும் 73.91 மில்லிகிராம் ஆகிவிடுகிறது என்று ஒரு தகவல் வருடக்கணக்காகச் சுற்றுகிறது. இரும்பு ஒரு தனிமம். எந்த பாக்டீரியாவாலும் அதை உண்டாக்க முடியாது; சட்டியில் இருந்தது எவ்வளவோ அவ்வளவுதான் காலையிலும் இருக்கும். நடப்பது வேறு: இரும்பைப் பிடித்து வைத்திருக்கும் ஃபைடிக் அமிலம் புளிப்பில் ஓரளவு சிதைவதால், இருக்கிற இரும்பு உடம்பில் கூடுதலாகச் சேரும். பக்கத்தில் ஒரு மீனும் எலுமிச்சைத் துண்டும் இருந்தால் இன்னும் சேரும். சாப்பிட்ட கையோடு குடிக்கிற டீ அதைக் கெடுக்கும். ஒரு மணி நேரம் கழித்துக் குடிக்கலாம்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்கும். மீன் விலை ஏறும். அப்போது நெத்திலிக் கருவாடு. ஈரம் போய்விட்டதால் பச்சை மீனைவிட எடைக்கு இரண்டு மடங்குக்கு மேல் புரதம், கைப்பிடி போதும். கூடவே உப்பும் கைப்பிடி. ரத்தக் கொதிப்பு உள்ள வீட்டில் வெந்நீரில் இரண்டு தடவை அலசி, குழம்பில் உப்புப் போடாமல் வைக்க வேண்டும். பெரியம்மாவிடம் இதைச் சொன்னேன். அலசுகிறார். அந்த மணிகளைப் பொறுக்குவதையும் விட்டுவிட்டார். டீ மட்டும், தட்டைக் கழுவுவதற்கு முன்பே வந்துவிடுகிறது.