மந்தைக் காவலன்

ஸ்பிரிங்வெளியில் பொழுது சாய்ந்ததும் ஆடுகளைக் கொட்டிலில் அடைத்துவிடுவார்கள். சிறுத்தைப் பயம். அது நாயைக்கூடக் கவ்விச் சென்றுவிடும். ஆகவே, சிறுத்தையை எதிர்த்து நிற்கும் நாயும் உண்டு என்று வாசித்தபோது நான் வியந்தேன். அதை வளர்ப்பவர்கள் முஸ்லிம்கள் என்பது அடுத்த வியப்பு.

காஷ்மீரின் பீர் பாஞ்சால் மலைகளில் ஆடு மேய்க்கும் நாடோடிகள் பக்கர்வால் மக்கள். 'பக்ரி' என்றால் ஆடு. கோடையில் உயர்ந்த புல்வெளிகளுக்கும், குளிர்காலத்தில் ஜம்முவின் தாழ்நிலங்களுக்கும் மந்தையோடு இடம்பெயர்வார்கள். அவர்களுடைய பெயரையே பெற்றது பக்கர்வால் நாய்.

அது வேட்டை நாயன்று. ஆடுகளை ஓட்டிச் சேர்ப்பதும் அதன் வேலையன்று. குட்டியிலிருந்தே ஆடுகளோடு வளர்வதால் மந்தையையே தன் இனமாகக் கொள்கிறது. ஓநாயோ கரடியோ நெருங்கினால் குரைத்துக்கொண்டே குறுக்கே நிற்கும். பெரும்பாலும் அதுவே போதும்; காயப்பட்டால் வேட்டையாட முடியாதென்று அந்த விலங்குக்குத் தெரியாதா என்ன! சிறுத்தை கழுத்தைக் குறிவைக்கும் என்பதால், இமயமலை மேய்ப்பர்கள் தங்கள் நாய்களுக்கு முள் வைத்த இரும்புக் கழுத்துப்பட்டி அணிவிப்பதுண்டு.

நாயைக் கண்டால் ஒதுங்கி நடக்கவே உம்மும்மா என்னைப் பழக்கியிருந்தார். நாய் வாய்வைத்த பாத்திரத்தை ஏழு முறை கழுவ வேண்டும் என்பதும் தெரியும். ஆனால், வீணாக நாய் வளர்ப்பவரின் நன்மை நாள்தோறும் குறையும் என நபி (ஸல்) அவர்கள் எச்சரித்த அதே ஹதீஸில், கால்நடைக்கும் பயிருக்கும் காவலிருக்கும் நாய்க்கு விலக்கு உண்டு என்பதை இப்போதுதான் கவனித்தேன். வெள்ளிக்கிழமைதோறும் நாம் ஓதும் சூரா அல்கஹ்பில், குகை வாசலில் முன்னங்கால்களை நீட்டிக் கிடப்பதும் ஒரு நாய்தான்.